ஃபிஜியில் ஊருக்குள் போவது எப்படி? செவுசெவு, லோவோ, மாசி, கடல் – விவாத இழை

#1 நெய்தல்வாசி

ஃபிஜி போகிறவர்களுக்காக இந்த இழை. ரிசார்ட்டில் இரவு தீப்பந்தம் சுழற்றுவதைப் பார்த்து, நீச்சல் குளத்தில் நனைந்து திரும்ப அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மண்ணின் மக்களான இதௌகேய் ஊர்களுக்குள் முறையாகப் போவது, அவர்களுடைய மண்ணடுப்புச் சமையலான லோவோ, மரப்பட்டைத் துணியான மாசி, தீநடை, அவர்கள் கடலில் நீந்துவது இதெல்லாம் எப்படி, எங்கே சொதப்பும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். விடுதி வாடகை, விமான டிக்கெட் பேச வேறு இழை இருக்கிறது.

மூன்று கேள்வியோடு தொடங்குகிறேன். ஊர்த் தலைவரிடம் என்ன கொண்டுபோக வேண்டும்? சைவம் சாப்பிடுகிறவர் லோவோ விருந்தில் என்ன செய்வது? மந்தா திருக்கையைப் பார்க்க எவ்வளவு நீச்சல் தெரிய வேண்டும்?

#2 வள்ளக்காரன்

அந்தத் தீப்பந்த ஆட்டம் சமோவாவில் இருந்து வந்தது. ஃபிஜியின் சொந்த ஆட்டம் ‘மேக்கே’: உட்கார்ந்தோ வரிசையாக நின்றோ, கதை சொல்லும் பாட்டுக்கு விசிறி, ஈட்டி, கதாயுதம் ஏந்தி ஆடுவது. நிகழ்ச்சிப் பலகையில் எது போட்டிருக்கிறது என்று பார்த்து உட்காருங்கள்.

இப்போது செவுசெவு. ஃபிஜியில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேலான நிலம் இதௌகேய் குலங்களின் பொதுச்சொத்து. விற்க முடியாது, குத்தகை மட்டுமே. கரையை ஒட்டிய பவளத்திட்டுகளிலும் ‘கோலிகோலி’ என்ற பெயரில் அந்தந்தக் குலத்துக்கு மீன்பிடி உரிமை உண்டு. ஆளில்லாத கடற்கரை என்று நாம் நினைத்துத் துண்டை விரிக்கும் இடம் யாரோ ஒருவருடைய வீட்டு முற்றம். உள்ளே வர அனுமதி கேட்பதுதான் செவுசெவு.

வாங்க வேண்டியது யங்கோனா வேர், அதாவது காவா. நாந்தி, லௌதோக்கா, சிங்காதோக்கா, சுவா எல்லாச் சந்தையிலும் கிடைக்கும். அரை கிலோ போதும். ‘வாக்கா’ என்று கேளுங்கள். அது மெல்லிய பக்க வேர், மதிப்பு அதிகம். ‘லெவெனா’ என்பது அடித்தண்டுத் துண்டு, விலை குறைவு. பொடியாக வாங்காதீர்கள், சடங்குக்கு முழு வேர்தான். செவுசெவுக்கு என்று சொன்னால் கடைக்காரரே செய்தித்தாளில் சுற்றி நாடா கட்டிக் கொடுப்பார். விலை விளைச்சலைப் பொறுத்து ஏறி இறங்கும், இரண்டு மூன்று கடையில் விசாரியுங்கள்.

ஊரெல்லையில் நின்று, எதிர்ப்படுகிறவரிடம் ‘துராங்கா நி கோரோ’வைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் ஊர் நிர்வாகத்தைக் கவனிப்பவர், குலத்தலைவர் வேறு. அவர்தான் தலைவர் வீட்டுக்கு அழைத்துப் போவார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பாயில் சம்மணம் போட்டு உட்காருங்கள். தலைவர் பக்கமோ காவா கலக்கும் மரத்தட்டின் பக்கமோ காலை நீட்டக் கூடாது. கட்டைக் கையில் கொடுக்க வேண்டாம், பாய்மேல் அவருக்கு முன்னால் வையுங்கள். உங்களுக்காகப் பேசுவது அழைத்துப்போனவரின் வேலை. நீங்கள் பெயர், ஊர், வந்த காரியம் என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். எதிரில் இருப்பவர் கட்டைத் தொட்டு எடுத்து, ஏற்புரை சொல்லி, குழித்த கையால் தட்டியதும் நீங்கள் விருந்தாளி. கேமராவை அதற்குப் பிறகு எடுங்கள்.

சொதப்புவது பெரும்பாலும் வரிசை மாறுவதால். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, படமும் எடுத்துவிட்டு, கடைசியில் வேரைக் கொடுத்தால் அது செவுசெவு ஆகாது. வேருக்குப் பதில் பணத்தை உறையில் போட்டு நீட்டுவது அதைவிட மோசம். குழுவுக்கு ஒரு கட்டு போதும், ஆளுக்கொன்று தேவையில்லை. ஆனால் அடுத்த ஊருக்கு அடுத்த கட்டு.

#3 சுபா_கோவை

ஏற்பாட்டாளர் மூலமா ஊர்ப் பயணம் புக் பண்ணினா அவங்களே வேர் கொண்டுவந்துடுவாங்களா? நாமும் தனியா வாங்கணுமா?

#4 வள்ளக்காரன்

பெரும்பாலும் அவர்களே கொண்டுவருவார்கள், கட்டணத்தில் அடங்கும். ‘செவுசெவு சேர்த்தியா?’ என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். ஊரில் இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் தனியாக ஒரு கட்டு கையில் இருக்கட்டும். அதோடு தங்கும் வீட்டுக்கு அரிசி, சர்க்கரை, தேயிலை, டின் மீன் என்று மளிகை வாங்கிப் போவது நல்லது. பிள்ளைகளுக்கு மிட்டாய் இறைக்க வேண்டாம். நோட்டு, பென்சில் கொடுக்க ஆசை என்றால் தலைவரிடமோ பள்ளியிலோ ஒப்படையுங்கள்.

#5 வடமராட்சியான்

நல்லா விளக்கியிருக்கிறீங்கள். உடுப்பு விசயத்தை நான் சேர்க்கிறன். ஆம்பிளை, பொம்பிளை ரெண்டு பேருக்கும் முழங்கால் மூடவேணும், தோள் தெரியக்கூடாது. ஒரு சாரம் கொண்டுபோனால் போதும், அவையள் கட்டுற ‘சுலு’வும் கிட்டத்தட்ட அதுதான். தொப்பி, தலையில ஏத்திவிட்ட கறுப்புக் கண்ணாடி ரெண்டையும் ஊருக்கு வெளியிலயே கழட்டிப்போடுங்கோ. முதுகுப்பையைத் தோளில கொழுவாமல் கையில தூக்குங்கோ.

பிள்ளையளைக் கண்டால் தலையைத் தடவுறது எங்கட பழக்கம். அங்க தலை தொடுறது கூடாது. இருக்கிற ஆக்களுக்குப் பின்னால போகேக்க குனிஞ்சு, ‘திலோ’ எண்டு மெல்லச் சொல்லிப் போகவேணும். ஆற்றயும் வீட்டில ஒரு சாமானைக் கண்டு வடிவாக் கிடக்கெண்டு கனக்கப் புகழாதேங்கோ. கேட்டால் குடுக்கிறது அவையின்ர முறை, ‘கெரெகெரே’ எண்டு சொல்லுவினம். புகழ்ந்தாலே கேட்டமாதிரி எடுத்துத் தந்துபோடுவினம்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் பாக்கப் போற எண்ணத்தை விடுங்கோ. தேவாலயம், பிறகு சாப்பாடு, பிறகு நித்திரை. தேவாலயத்துக்கே வாறமெண்டால் சந்தோசமா இருத்துவினம். கன குரலாப் பிரிச்சுப் பாடுற பாட்டுக்காகவே போகலாம்.

#6 மிளகுக்கொடி

காவாவைப் பற்றித் தனியாக. இந்தச் செடி நம் மிளகுக்கும் வெற்றிலைக்கும் நெருங்கிய உறவு, மூன்றுமே பைப்பர் பேரினம். சாராயம் போன்றது என்று பலர் எழுதுகிறார்கள், அப்படி இல்லை. இதில் நொதித்தல் கிடையாது. வேரிலுள்ள காவாலாக்டோன்கள் நாக்கையும் உதட்டையும் மரக்கச் செய்து, தசையைத் தளர்த்தி, தூக்கத்தைக் கொண்டுவரும். சத்தம் போட வைக்காது, பேச்சைக் குறைக்கும்.

இடித்த வேரைத் துணியில் கட்டி, ‘தானோவா’ என்ற பல கால் வைத்த மரத்தட்டில் குளிர்ந்த நீர் விட்டுப் பிசைந்து பிழிவார்கள். சேற்று நிறத்தில் இருக்கும், கசக்கும். தட்டிலிருந்து சோழி கோத்த கயிறு தலைவர் பக்கம் நீண்டு கிடந்தால் அதைத் தாண்டி நடக்காதீர்கள்.

‘பிலோ’ என்ற சிரட்டைக் கிண்ணம் உங்களிடம் வரும்போது உள்ளங்கையைக் குழித்து ஒரு தட்டு. ‘புலா’ என்று சொல்லி வாங்கி, ஒரே மூச்சில் குடித்துக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்று தட்டு. உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பதும் பாதியில் வைப்பதும் முறையல்ல. அதிகம் வேண்டாம் என்றால் ‘லோ டைட்’ என்றே சொல்லலாம், பாதிக் கிண்ணம் தருவார்கள். முதல் தடவைக்கு இரண்டு கிண்ணம் போதும். வெறும் வயிற்றில் வேகமாகப் பிடிக்கும். மதுவோடு சேர்க்கக் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் உதட்டில் வைத்துக் கொடுத்துவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். குடித்த இரவு வண்டி ஓட்டாதீர்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் எல்லாரும் காவாவைத் திட்டுவார்கள். பல நேரம் காரணம் கலக்கிய தண்ணீர். ஊர்ப்புறங்களில் ஓடை நீரும் மழைநீரும் காய்ச்சாமல் சேர்வது சகஜம். வயிறு மென்மையானவர்கள் பெரிய புட்டித் தண்ணீர் ஒன்றை முன்கூட்டியே கொடுத்துவிடலாம்.

#7 அடுப்பங்கரை

லோவோ என்றால் மண்ணில் குழி தோண்டிக் கல்லைச் சுடவைத்து மூடி வேகவைப்பது. ரிசார்ட்டில் திறக்கிற நேரத்துக்கு மட்டும் போய் நின்று கைதட்டுவார்கள். பார்க்க வேண்டியது அடுக்குவதைத்தான், ஆகவே மதியமே போய்விடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு பேருக்கு மூன்றடி அகலம், இரண்டடி ஆழம். அடியில் விறகு, மேலே தேங்காய் அளவு எரிமலைக் கற்கள். ஆற்றில் கிடந்த ஈரக்கல்லும் பவளக்கல்லும் ஆகாது, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் கல் வெடித்துத் தெறிக்கும். ஒன்றரை மணி நேரம் எரிந்ததும் கல்லில் படிந்த கரி எரிந்துபோய் வெள்ளையாகத் தெரியும். அதுதான் பதம். பிறகு எரியாத கட்டைகளை ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும். ஒரு கொள்ளி உள்ளே இருந்தாலும் சாப்பாடு முழுக்கப் புகை நாற்றம் அடிக்கும். லோவோ கெடுவதில் பாதி இதனால்தான். கல்லைச் சமப்படுத்தி, மேலே வாழைத்தண்டோ தென்னை மட்டையோ பரப்புவார்கள். அது கல்லில் நேராகப் பட்டுக் கருகாமல் காக்கும், ஆவியும் தரும்.

அடியில் ‘தாலோ’, மரவள்ளி, சர்க்கரைவள்ளி. வேக நேரம் பிடிப்பவை அவைதான். அதற்கு மேல் தென்னங்கீற்றில் முடைந்த கூடையில் கோழி, பன்றி, மீன். உச்சியில் ‘பலுசாமி’. பெயரைக் கேட்டு நம்மூர்க்காரர் என்று எண்ண வேண்டாம். சேம்பிலையில் கெட்டித் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் வைத்துப் பொட்டலம் கட்டுவது. எல்லாவற்றின் மேலும் வாழையிலை, நனைத்த சாக்கு, பிறகு மண். ஆவி எங்கே கசிகிறதோ அங்கே உடனே மண் போட வேண்டும். இரண்டரை மணி நேரம். கசிந்துவிட்டால் கோழி வெந்து தாலோ நடுவில் கல்லாக நிற்கும்.

தாலோ நம் சேப்பங்கிழங்கின் இனமேதான். இலையிலும் கிழங்கிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. அரைவேக்காட்டில் தின்றால் தொண்டை அரிக்கும். பலுசாமி இலை வாயில் வைத்ததும் கரையவில்லை என்றால் தொடாதீர்கள்.

சைவக் கேள்விக்கு வருகிறேன். பலுசாமியில் டின் மாட்டிறைச்சியைச் சேர்ப்பது அங்கே மிகச் சாதாரணம், வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காலையிலேயே சொல்லி வையுங்கள். கிழங்கும் அடியில் இருப்பதால் மேலிருந்து இறைச்சிக் கொழுப்பு அதில் சொட்டும். உங்கள் பங்கைத் தனி அலுமினியத் தாளில் சுற்றி ஓரமாக, இறைச்சிக் கூடைக்குக் கீழே வராதபடி வைக்கச் சொல்லுங்கள். மீன் சாப்பிடுவோர் ‘கொக்கோந்தா’வைத் தவறவிடாதீர்கள்: பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, பிழிந்து, தேங்காய்ப்பால், வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய் சேர்ப்பது. சாறு மீனை வெண்மையாக்கும், கிருமியை முழுக்கக் கொல்லாது. அன்று பிடித்த மீன் என்று தெரிந்தால் மட்டும் சாப்பிடுங்கள்.

#8 சுபா_கோவை

தீநடை ரெண்டு வகை இருக்குன்னு கேள்விப்பட்டேன். நம்ம தீமிதியும் அங்க உண்டாமே?

#9 கொடிமரம்

உண்டு. இரண்டும் வெவ்வேறு மரபு, ஒன்றோடொன்று குழப்பக் கூடாது.

‘விலாவிலாயிரேவோ’ பெங்கா தீவின் சவாவ் குலத்தாருடையது. அவர்கள் நடப்பது சுடவைத்த கற்களின் மேல். பெரிய குழியில் மணிக்கணக்காக விறகெரித்து, கட்டைகளைக் கொடியால் இழுத்து அகற்றி, கல்லைச் சமப்படுத்தி, அதன்மேல் நடப்பார்கள். நடப்பவர்கள் அதற்கு முன் சில வாரங்கள் தேங்காயும் பெண்ணுறவும் விலக்க வேண்டும். இன்று ரிசார்ட்டுகளில் மேடை நிகழ்ச்சியாக நடக்கிறது, நடப்பவர்களும் அந்தத் தீவுக்காரர்களே. அதனால் போலி என்று ஒதுக்க வேண்டியதில்லை. வருமானம் ஊருக்குப் போகிறதா என்று மட்டும் கேளுங்கள்.

தீமிதி கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாய்ப் போன தென்னிந்தியர்கள் கொண்டுபோனது. இந்தியக் கூலிகளின் முதல் கப்பல் லியோனிடாஸ் 1879-இல் கல்கத்தாவில் இருந்து வந்தது. சென்னையில் இருந்து ஆளெடுப்பு 1903-இல் தொடங்கியது. சுவா ஹாவெல் சாலை மாரியம்மன் கோயிலில் ஜூலை, ஆகஸ்டில் பத்து நாள் விரதத்தோடு நடக்கும். அது தழல் மிதிப்பது. நுழைவுச்சீட்டு கிடையாது, வேடிக்கைக் கூட்டமாகப் போகாமல் கும்பிடப் போங்கள். நாந்தியில் ஊர்க் கோடியில் இருக்கும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலையும் அப்படியே பார்த்துவிடலாம்.

#10 பட்டைநூல்

மாசி பற்றி. காகித முசுக்கட்டை மரத்தின் உட்பட்டைதான் மூலப்பொருள். கிளை விடாத இளந்தண்டை வெட்டி, பட்டையை ஒரே உரியாக உரித்து, மேல்தோலைச் சுரண்டி, ஊறவைத்து, மரக்கட்டைமேல் ‘இகே’ என்ற பள்ளம் வெட்டிய கொட்டாப்புளியால் அடிப்பார்கள். நெய்வதே கிடையாது, நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இரண்டு உரிகளை அடுக்கி அடித்தால் ஒட்டிக்கொள்ளும். விளிம்பு இணைக்கக் கிழங்குப் பசை. கறுப்புச் சாயம் கரியிலிருந்து; செம்பழுப்பு, செம்மண்ணிலும் அலையாத்திப் பட்டையிலும் இருந்து. அச்சு வெட்ட முன்பு வாழையிலை, இப்போது பழைய எக்ஸ்ரே படச்சுருள். வாதுலேலே தீவும் லாவ் தீவுக்கூட்டத்து மோதேயும் இதற்குப் பெயர் பெற்றவை.

வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அசலில் நார்கள் கோணல்மாணலாக ஓடும், தடிமன் ஒரே சீராக இருக்காது, பின்பக்கம் சாயம் அங்கங்கே ஊறியிருக்கும். அச்சடித்த பருத்தித் துணியில் ஊடும் பாவும் குறுக்கே தெரியும். மாசியை மடிக்காதீர்கள், மடிப்பில் வெடிக்கும், குழாயில் சுருட்டுங்கள். நனைந்தால் கூழாகும். மழைக்காலத்தில் படகுப் பயணம் இருந்தால் கடைசி நாளில் வாங்குவதே மேல்.

மட்பாண்டத்துக்குச் சிங்காதோக்கா பள்ளத்தாக்கில் நகம்புத்தா ஊர். சக்கரம் இல்லாமல், கையால் தட்டி வனைகிறார்கள். பக்கத்திலேயே சிங்காதோக்கா மணல்மேடு, 1989-இல் அறிவித்த முதல் தேசியப் பூங்கா. அங்கே 2,600 ஆண்டுப் பழைய லப்பிட்டா (பசிபிக் தீவுகளின் ஆதிக் குடியேறிகள்) பானையோடுகள் காற்றடித்தால் வெளியே தெரியும். எடுத்துப் பையில் போட்டால் சட்டக் குற்றம். பாதையை விட்டு மேட்டில் ஏறினால் மண் சரிந்து புதைந்திருப்பவையும் போய்விடும்.

#11 நீலத்திட்டு

கடலுக்கு வருவோம். மந்தா திருக்கை யசாவா தீவுக்கூட்டத்தில் நவிதி, த்ராவாக்கா தீவுகளுக்கு இடையிலான கால்வாயில், மே முதல் அக்டோபர் வரை. நீரோட்டம் மிதவை உயிரிகளைக் கொண்டுவரும்போது அவை சாப்பிட வரும். அதனால் நேரம் அலையேற்றத்தைப் பொறுத்தது, உங்கள் காலைச் சிற்றுண்டியைப் பொறுத்ததல்ல. கடலைப் பார்த்து நிற்பவர்கள் திருக்கையைக் கண்டதும் மேளம் தட்டுவார்கள், முகமூடியோடு ஓட வேண்டும்.

நீச்சல் எவ்வளவு? நீரோட்டத்தோடு மிதந்து போகத் தெரிந்தால் போதும், படகு கீழ்ப்பக்கம் வந்து ஏற்றிக்கொள்ளும். எதிர்த்து நீந்துவதுதான் ஆளைக் களைக்க வைக்கிறது. நீந்தத் தெரியாதவர்கள் மிதவைச் சட்டை கேளுங்கள். திருக்கையின் முன்னால் பாயாதீர்கள், தொடாதீர்கள். மூன்று மீட்டர் விட்டு, பக்கவாட்டில் அசையாமல் இருந்தால் அதுவே கிட்ட வரும். முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் சூரியப் பசை பாதிதான் செலவாகும், பவளத்துக்கும் நல்லது. ஆழமில்லாத திட்டில் தடித்த காலணி வேண்டும், கல்மீன் முள் குத்தினால் பயணம் முடிந்தது.

அதே யசாவாவின் சவாயிலாவ் சுண்ணாம்புக் குகையில் முதல் அறை திறந்த குளம். இரண்டாவது இருட்டறைக்கு நீருக்கடியில் சிறு துவாரம் வழியே போக வேண்டும். கடல் வற்றும் நேரத்தில் சுலபம், ஏறியிருந்தால் மூச்சு நீளமாக வேண்டும். வழிகாட்டி மறுபக்கம் விளக்கோடு நிற்பார். பயம் வந்தால் முதல் அறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சில திட்டுகளில் ‘தம்பு’ போட்டிருப்பார்கள், மீன்பிடித் தடை. தலைவர் இறந்தால் நூறு இரவு தடை விதிப்பது பழைய வழக்கம். உதுனிவனுவா ஊரில் 1997-இல் இதே முறையில் சிப்பித் திட்டு ஒன்றை மூடி, சிப்பி மீண்டும் பெருகியதைப் பார்த்துத்தான் நாடு முழுக்கப் பரவியது. தூண்டில் போடுவதாக இருந்தால் செவுசெவுவின்போதே கேளுங்கள்.

#12 கரைமணல்

பெங்காவில் சுறா முக்குளிப்பையும் சேர்க்கலாமே? மீன் தலை போட்டுச் சுறாவைக் கூட்டி வருவது எனக்கு ஒப்பவில்லை. மனிதன் வந்தால் தீனி வரும் என்று பழகிவிடும்.

#13 நீலத்திட்டு

கவலை நியாயம்தான். ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. அந்த முக்குளிப்பு நடக்கும் ஷார்க் ரீஃப் திட்டு 2004-இல் காப்பகமானபோது, கலோவா, வைனியம்பியா ஊர்க்காரர்கள் தங்கள் மீன்பிடி உரிமையை அங்கே விட்டுக்கொடுத்தார்கள். முக்குளிப்பவர் ஒவ்வொருவரும் கட்டும் தீர்வை ஊருக்குப் போகிறது. தீனி நின்றால் தீர்வையும் நிற்கும், வலையும் திரும்பும். எனக்கு இப்போதைய ஏற்பாடு மேல் என்றே படுகிறது. காளைச் சுறா பார்க்க 30 மீட்டர் வரை இறங்குவார்கள், முக்குளிப்புச் சான்றிதழ் இல்லாமல் அனுமதி இல்லை.

#14 கரைமணல்

ஊர் பணம் பெறுவது சரி, சுறாவின் பழக்கம் மாறுவது வேறு கேள்வி. நான் போகமாட்டேன், போகிறவரைத் தடுக்கவும் மாட்டேன்.

#15 வள்ளக்காரன்

நாள் திட்டம் போடுகிறவர்களுக்கு. மே–அக்டோபர் வறண்ட காலம், நவம்பர்–ஏப்ரல் புயல் காலம். யசாவா படகு நாந்திக்குப் பக்கத்துத் தெனராவ் துறையில் காலையில் கிளம்பும். வடகோடிக்குப் போக நான்கரை மணி நேரத்துக்கு மேல். திரும்பும்போது மாலை ஆறு மணியளவில்தான் கரை. அன்றிரவே விமானம் பிடிக்கும் திட்டம் போடாதீர்கள், கடல் கொந்தளித்தால் தாமதம். தீவுகளில் ஏடிஎம் கிடையாது, ஊர்க் கட்டணங்களுக்குச் சில்லறை நோட்டு வையுங்கள். ரிசார்ட்டில் தனி ஆளுக்கு டிப்ஸ் கொடுப்பதைவிட ஊழியர் கிறிஸ்துமஸ் நிதிப் பெட்டியில் போடுங்கள், சமையற்கட்டில் இருப்பவருக்கும் பங்கு போகும்.

#16 நெய்தல்வாசி

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: ஊர் திரும்பும்போது சுங்கச் சோதனையில் என்னென்ன பிடிபடும்?

#17 பட்டைநூல்

‘தம்புவா’ என்ற திமிங்கிலப் பல்லை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டு எடுக்க முடியாது. ஆமையோடு, பவளம், ராட்சதச் சிப்பி எல்லாம் அதே கதை. மரச் செதுக்கலில் பட்டையோ துளையோ இருந்தால் பூச்சிச் சோதனையில் நிறுத்துவார்கள். தோல் போட்ட மேளமும் அப்படியே. மாசியையும் தென்னங்கீற்றுக் கூடையையும் மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். மீந்த காவாவை ஆஸ்திரேலியாவுக்கு வயது வந்த பயணி 4 கிலோ வரை கொண்டுபோகலாம். சென்னைக்கோ கொழும்புக்கோ எடுத்துவர நினைப்பவர்கள் கடைசி இரவே உட்கார்ந்து குடித்து முடித்துவிடுவது உத்தமம்.